ஏழாம் நம்பர் பேருந்தும் பதினான்காம் கட்டமும்

சேர்க்கைப் பிரிவில் புதிதாக வேலைக்கு வந்திருக்கும் தம்பி, தங்கைகளுக்கு.

உங்கள் பயிற்சி வகுப்பில் வந்து பத்து நிமிடம் பேசச் சொல்லி, உங்கள் மேலாளர் போன வாரம் போன் செய்தார். "ஸ்டூடண்ட்ஸ் ஏன் நம்ம காலேஜைத் தேடி வர்றாங்க, வந்தவங்க ஏன் கடைசி வரைக்கும் இருக்காங்க, இதப் பத்தி உங்க அனுபவத்தைச் சொல்லுங்க சார்" என்றார். சரி என்றேன். பார்த்துக்கொள்ளட்டும் என்று புதிய ஆன்லைன் விண்ணப்பத்தையும் அனுப்பிவைத்தார். அதைப் பார்த்த பிறகு எனக்கு வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை. நேரில் வந்தால் கத்திவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

உங்கள் விண்ணப்பத்தில் பதினான்காவது கேள்வி, "இந்தக் கல்லூரியை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள்?" கீழே ஐந்து பதில்கள். அதில் முதல் பதில், "கல்வித் தரம்." பிள்ளை விண்ணப்பத்தைத் திறக்கும்போதே அந்தப் பதிலுக்கு நேராக டிக் விழுந்திருக்கிறது. வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாமாம். நெட் சென்டரில் வரிசையில் நிற்கிற எந்தப் பிள்ளை அதை மாற்றும்? பிறகு நீங்களே அதை எண்ணி, வட்டம் போட்டு, கலர் அடித்து, முக்கால்வாசிப் பேர் கல்வித் தரத்துக்காக வருகிறார்கள் என்று மேலிடத்துக்குக் காட்டுவீர்கள்.

உங்களை மட்டும் திட்டி என்ன பயன்? அந்த டிக்கை உங்களுக்கு முன்னால் கையாலேயே போட்டவன் நான்தான். இருபத்தேழு வருடம் இதே கல்லூரியின் மாணவர் பிரிவில் இருந்தேன், அதில் கடைசி ஒன்பது வருடம் சூப்பரண்டு. காகித விண்ணப்பத்திலும் அதே கேள்விதான், அதே பதினான்காம் கட்டம்தான். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் என் மேலே இருந்தவர் இரண்டு பாடங்கள் சொல்லிக்கொடுத்தார். அவர் பெயர் வேண்டாம், இப்போது அவர் இல்லை. ஒன்று, "பதினாலாம் கட்டத்துல கல்வித் தரம்னு நீயே எழுதிடு. கேட்டுக்கினு இருந்தா லைன் நகராது. அதை எவனும் படிக்கப்போறதில்ல." இரண்டாவது, "எவனாவது பாதியில டி.சி. கேட்டு வந்தா நாளைக்கு வான்னு சொல்லு. நாளைக்கு வந்தா திங்கக்கிழமை வான்னு சொல்லு. மூணு தடவை அலைய வுட்டா பாதிப் பேர் திரும்ப வரமாட்டான். அப்படியே படிச்சி முடிச்சிடுவான்." மாற்றுச் சான்றிதழ் வாங்காமல் எந்தப் பிள்ளையும் வேறு கல்லூரியில் சேர முடியாது என்பது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

இரண்டையும் நான் தொழில் நுணுக்கம் என்று எடுத்துக்கொண்டேன். கடைசி வரைக்கும் இருந்தார்கள், கடைசி வரைக்கும் இருந்தார்கள் என்று வருடா வருடம் அறிக்கையில் எழுதினோம். அவர்களில் எத்தனை பேர் அலைந்து அலுத்துப்போய் இருந்தார்கள் என்று எழுத அதில் கட்டம் இல்லை.

இனி நஸ்ரீன் விஷயத்துக்கு வருகிறேன்.

நஸ்ரீன் கீழ்பென்னாத்தூர்ப் பெண். அப்பா பஞ்சு மெத்தை, தலையணை தைக்கிறவர். பி.காம். சேர்வதற்கு இருவரும் வந்திருந்தார்கள். அவர்கள் தெருவில் பள்ளிக்கூடத்தைத் தாண்டி மேலே படிக்கவந்த முதல் பெண் அவள்தான் என்று அவர் சொன்னார். சட்டைக் காலரில் பஞ்சு ஒட்டியிருந்தது. அன்றைக்குக் கூட்டம் வாசல் வரைக்கும் நின்றது. நான் தலையைத் தூக்காமல் கேட்டுக்கேட்டு எழுதிக்கொண்டே வந்தேன். பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர், வகுப்பு, மதிப்பெண். பதினான்காம் கட்டம் வந்ததும், "ஏம்மா இந்தக் காலேஜ்?" என்று வாய் கேட்டது. அதற்குள் கை "கல்வித் தரம்" என்று எழுதிவிட்டது.

"சார், அது வந்து, பஸ்ஸு..." என்று அவள் ஆரம்பித்தாள்.

"சரிம்மா, இங்க கையெழுத்துப் போடு" என்றேன்.

அவள் போட்டாள். என் எழுத்துக்குக் கீழே அவள் கையெழுத்து. அன்றைக்கு மட்டும் அப்படி எழுபது, எண்பது விண்ணப்பங்கள் எழுதியிருப்பேன்.

அவள் சொல்லவந்தது ஏழாம் நம்பர் பேருந்தைப் பற்றி. நம் கல்லூரி ஊருக்கு மேற்கே, செங்கம் சாலையில் இருக்கிறது. கீழ்பென்னாத்தூர் ஊருக்கு அந்தப் பக்கம். காலையில் ஏழாம் நம்பர் அந்தப் பக்கத்துக் கிராமங்களைச் சுற்றிப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, திருவண்ணாமலையைக் கடந்து கல்லூரிக்கு வரும். சாயந்திரம் அதே வழியாகத் திரும்பும். அதில் வந்தவர்களில் பெண் பிள்ளைகள்தான் ஜாஸ்தி. அந்த வண்டியின் டிரைவருக்கு என் வயதில் பாதிதான் இருக்கும். பெண்களை மெயின் ரோட்டில் இறக்கிவிட்டுப் போகிற பழக்கம் அவரிடம் கிடையாது. தெரு முனை வரைக்கும் வண்டியைக் கொண்டுபோவார். பிள்ளை வீட்டுக்குள் நுழைகிற வரைக்கும் நின்று பார்த்துவிட்டுத்தான் கியரைப் போடுவார்.

இன்னொன்றும் செய்தார். இதுதான் முக்கியம். பௌர்ணமி அன்றைக்கு மட்டும் ஏழாம் நம்பரை மத்தியானம் ஒரு மணிக்கே எடுத்துவிடுவார். திருவண்ணாமலையில் பௌர்ணமி என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மத்தியானத்துக்கு மேல் ஊருக்குள் பேருந்து போகாது. நம் செங்கம் சாலையில் ஒரு பகுதி கிரிவலப் பாதை, அங்கே கால் வைக்க இடம் இருக்காது. சுற்றுச்சாலையில் வெளியூர் வண்டிகள் வால் பிடித்து நிற்கும். ஒரு மணிக்குப் புறப்பட்டால் பிள்ளைகள் மூன்று மணிக்கு வீட்டில் இருப்பார்கள். நாலரைக்குப் புறப்பட்டால் எப்போது போய்ச் சேருவார்கள் என்பதை அந்த அண்ணாமலையார்தான் சொல்ல வேண்டும். அதனால் அந்தத் தடத்துப் பிள்ளைகளுக்குப் பௌர்ணமியில் அரை நாள் விடுவது வழக்கம். எந்த முதல்வர் காலத்தில் ஆரம்பித்தது என்று எனக்கே தெரியாது. எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை. ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தை யார் எழுதிவைப்பார்கள்? எழுதிவைக்காமல் விட்டதும் எங்கள் தப்புதான்.

நஸ்ரீனின் அப்பா இதையெல்லாம் விசாரித்துவிட்டுத்தான் மகளைச் சேர்த்திருக்கிறார். அவர் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று. மக்ரிப் பாங்கு சொல்வதற்குள் பெண் வீட்டில் இருக்க வேண்டும். அதே வண்டியில் வந்த மற்றப் பெண்கள் விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள். அவர்கள் வீட்டில் விளக்கு வைப்பதற்குள் வரச் சொல்லியிருந்தார்கள். இரண்டும் ஒரே நேரம்தான். அந்த நேரத்துக்குள் வீடு சேர்த்த ஒரே கல்லூரிப் பேருந்து எங்களுடையது. படிப்பு எங்களைவிட நன்றாக இருந்த கல்லூரிகள் இரண்டு இருந்தன. அவற்றின் பேருந்து மெயின் ரோட்டோடு போய்விடும்.

இது எதுவும் எனக்கு அப்போது தெரியாது. தெரிந்துகொள்ள ஒரு கட்டம் இருந்தது, அதை நானே எழுதி அடைத்துவிட்டேன்.

முதல் வருடம் ஒழுங்காகப் போனது. நஸ்ரீன் கணக்கியல் பாடத்தில் வகுப்பிலேயே முதலாவதாக வந்தாள். இரண்டாம் வருட ஆரம்பத்தில் எங்களுக்குப் புதிதாக ஒரு நிர்வாக அலுவலர் வந்தார். வெளியூர்க்காரர், சுறுசுறுப்பானவர், கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். வந்த மாதமே பேருந்துப் பதிவேட்டைப் புரட்டினார். மாதத்தில் ஒரு நாள் ஒரு வண்டி மட்டும் மத்தியானமே வெளியே போயிருப்பதைக் கண்டுபிடித்தார். டிரைவரைக் கூப்பிட்டுவிட்டார். நானும் அங்கே இருந்தேன்.

"யார் ஆர்டர் இது?"

"ஆர்டர்லாம் இல்ல சார். பௌர்ணமி சார் அன்னிக்கு."

"பௌர்ணமின்னா? மத்த பன்னெண்டு வண்டி நாலரைக்குத்தானே போகுது?"

"அதுங்கள்லாம் இந்தப் பக்கம் போற வண்டிங்க சார். நம்ம வண்டி ஊரத் தாண்டிப் போவணும். ரெண்டு மணிக்கு மேல கூட்டம் ஜாஸ்தி ஆயிடும். பொம்பளப் புள்ளைங்க சார்."

"பேப்பர் இருக்கா?"

டிரைவர் என்னைப் பார்த்தார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆமாம் சார், ரொம்ப நாள் வழக்கம், நான் இன்றைக்கே குறிப்பு எழுதிக் கொண்டுவருகிறேன் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு ஓய்வுக்கு மூன்று வருடம் இருந்தது. புது அதிகாரியிடம் முதல் மாதமே எதற்கு வம்பு என்று வாயை மூடிக்கொண்டேன். "பேப்பர் இல்ல சார்" என்று டிரைவரே சொல்லிவிட்டு வெளியே போனார். வராண்டாவில் என்னைத் தாண்டும்போது, "நீங்க இந்த ஊருதானே சார்?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த பௌர்ணமிக்கு ஏழாம் நம்பர் நாலரைக்குப் புறப்பட்டது. கீழ்பென்னாத்தூர் போய்ச் சேரும்போது ஒன்பதரை. அதற்கடுத்த பௌர்ணமிக்கு இன்னும் அரை மணி அதிகம். வண்டியில் குடிக்கத் தண்ணீர் இல்லை, பெண்கள் ஒதுங்க இடம் இல்லை. ஒரு பிள்ளையின் அம்மா மெயின் ரோட்டில் வந்து நின்று அழுதிருக்கிறார். மறுநாள் அந்த வண்டியில் பாதி இருக்கைகள் காலி.

வருகைப் பதிவு குறைந்ததும் நிர்வாக அலுவலர் பதறினார். அதையும் சொல்லத்தான் வேண்டும், அவர் உண்மையிலேயே பதறினார். என்னைக் கூப்பிட்டு, "இந்தப் பொண்ணுங்க ஏன் இங்க சேர்ந்தாங்க, இப்ப ஏன் வரமாட்டேங்கறாங்க? அப்ளிகேஷனையெல்லாம் எடுத்து ஒரு நோட் போடுங்க" என்றார். எடுத்தேன். வராமல் நின்ற பெண்களுடையது மட்டும் பதினொரு விண்ணப்பங்கள். பதினொன்றிலும் பதினான்காம் கட்டத்தில் என் அழகான கையெழுத்து. கல்வித் தரம். கல்வித் தரம். கல்வித் தரம்.

நான் என்ன செய்திருக்க வேண்டும்? இது நான் இட்டுக்கட்டி எழுதியது, நம்பாதீர்கள் என்று சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொன்னால் அதுவரைக்குமான இருபத்துநாலு வருடத்தையும் சொல்ல வேண்டுமே. விண்ணப்பங்களில் இருந்ததை அப்படியே குறிப்பாக எழுதி மேஜையில் வைத்துவிட்டு வந்தேன்.

அவர் அதைப் படித்தார். படித்து, தர்க்கப்படி ஒரு முடிவுக்கு வந்தார். கல்வித் தரத்துக்காகச் சேர்ந்தவர்கள் வரவில்லை என்றால் கல்வித் தரம் குறைந்திருக்கிறது என்று அர்த்தம். ஆகவே தரத்தைக் கூட்ட வேண்டும். ஆகவே தினமும் சாயந்திரம் ஒரு மணி நேரம் சிறப்பு வகுப்பு. எல்லாப் பேருந்தும் இனி ஐந்தரைக்கு.

குதிரை கீழே தள்ளியதும் இல்லாமல் குழியும் பறித்ததாம். மாதத்தில் ஒரு நாள் இருட்டிப் போன பிள்ளைகளை இனி தினமும் இருட்டிப் போகச் செய்தோம். அந்த உத்தரவின் கீழே காரணமாக என் குறிப்பு எண்ணைப் போட்டிருந்தார். தம்பி, நீங்கள் ஒரு கட்டத்தில் சும்மா எழுதுகிற இரண்டு வார்த்தையை எவனும் படிக்கமாட்டான் என்று நினைக்காதீர்கள். என்றைக்காவது ஒருவன் படிப்பான். படித்து, நம்பி, அதன்படி நடப்பான்.

அந்த வாரமே பதினொரு வீட்டிலிருந்தும் டி.சி. கேட்டு வந்தார்கள். முதலில் வந்தவர் நஸ்ரீனின் அப்பா, மெத்தை பாய், மகளோடு.

நான் அப்போதும் பழைய பாடத்தைத்தான் நடத்தினேன். "முதல்வர் இல்ல, நாளைக்கு வாங்க பாய்" என்றேன். மறுநாள் வந்தார்கள். "லைப்ரரியில கையெழுத்து வாங்கணும், திங்கக்கிழமை வாங்க." திங்கட்கிழமை வந்தார்கள். மூன்று தடவையும் அவர் வராண்டாவில், செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில், கையைக் கட்டிக்கொண்டு நின்றார். உள்ளே நாலு நாற்காலி காலியாக இருந்தது. உள்ளே போய் அவர் உட்கார்ந்திருக்கலாமே என்று கேட்காதீர்கள். சொல்லாமல் உட்கார்கிற மனிதர் அவர் இல்லை. அவர் தைக்கவேண்டிய மெத்தைகள் அந்த மூன்று நாளும் கடையில் அப்படியே கிடந்தன.

அவருக்கு ஊர்க் கூட்டத்தின் மேல் ஒரு வருத்தமும் இல்லை. மூன்றாவது நாள் என்னிடம் சொன்னார். "கும்பல்மேல தப்பு சொல்லமாட்டேன் சார். எங்க பாட்டன் காலத்துல இருந்து வருது. நானே பௌர்ணமிக்கு முன்னாடி ரெண்டு லாட்ஜுக்குத் தலகாணி தெச்சிக் குடுக்கறேன். பௌர்ணமி எப்பன்னு என் கடை காலண்டர்ல போட்டிருக்கு. உங்க காலேஜுல காலண்டர் இல்லியா?"

எனக்குச் சுருக்கென்றது. சான்றிதழ் புத்தகத்தை எடுத்து எழுத உட்கார்ந்தேன். பெயர், பிரிவு, சேர்ந்த தேதி, விலகும் தேதி. கடைசியில் ஒரு கட்டம் உண்டு, "விலகும் காரணம்." அதில் என்ன எழுதுவோம்? "சொந்த விருப்பம்." எல்லோருக்கும் அதுதான். எழுதினேன். கையெழுத்துக்காக நஸ்ரீனிடம் திருப்பினேன்.

அவள் பேனாவை எடுக்கவில்லை. படித்தாள்.

"நான் எங்க சார் விரும்புனேன்?" என்றாள்.

"அது எல்லாருக்கும் அப்படித்தாம்மா எழுதறது."

"சேரும்போது பஸ்ஸுக்காகத்தான்னு சொல்ல வந்தேன். நீங்க கேக்கல, வேற எழுதிட்டீங்க. இப்ப போவும்போதும் கேக்கல, நீங்களே எழுதறீங்க." குரல் உயரவில்லை. கண் மட்டும் நிறைந்துவிட்டது. "எனக்குப் படிக்கணும் சார். அக்கவுண்ட்ஸ்ல நான்தான் ஃபர்ஸ்ட்."

அறையில் இரண்டு கிளார்க்குகள் இருந்தார்கள். டைப் அடிக்கிற சத்தம் நின்றுவிட்டது. எனக்கு அவமானமாக இருந்தது. அவமானம் வந்தால் கோபம் வரும், கோபத்தை எளியவர்மேல் காட்டுவது நம் அலுவலகங்களின் வழக்கம். "கையெழுத்துப் போடறதுன்னா போடு" என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. அதை விழுங்கினேன். என் வேலை வாழ்க்கையில் நான் செய்த ஒரே நல்ல காரியம் அந்த ஒரு விழுங்கல்தான்.

அந்தச் சான்றிதழைக் குறுக்கே கோடு போட்டு ரத்து செய்தேன். அவள் விண்ணப்பத்தை எடுத்துவந்து அவள் முன்னால் வைத்தேன். "பதினாலாம் கட்டத்தை அடிச்சிட்டு நீ எழுதும்மா" என்று பேனாவைக் கொடுத்தேன். அவள் என் எழுத்தின்மேல் ஒரு கோடு போட்டாள். கட்டத்தில் இடம் போதாமல் ஓரத்தில் எழுதினாள். ஏழாம் நம்பர் டிரைவர் அண்ணன் வீட்டுக்குள்ள போற வரைக்கும் நிப்பாரு, பௌர்ணமிக்கு ஒரு மணிக்கு விட்டுடுவாங்க, அதனால அத்தா ஒத்துக்கிச்சு. அவ்வளவுதான்.

"ரெண்டே ரெண்டு நாள் பொறுங்க பாய். இந்தத் தடவை நிஜமா" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு மகளைக் கூட்டிக்கொண்டு போனார்.

அன்றைக்கும் மறுநாளும் மற்றப் பத்துப் பிள்ளைகளையும் வரவழைத்து, அவரவர் விண்ணப்பத்தை அவரவர் கையில் கொடுத்தேன். ஒரு பிள்ளைகூடக் கல்வித் தரம் என்று எழுதவில்லை. தெரு முனை, விளக்கு வைக்கிற நேரம், ஒரு மணி வண்டி, டிரைவர் அண்ணன். இதையே பத்து விதமாக எழுதியிருந்தார்கள். பதினொன்றையும் எடுத்துக்கொண்டு நேராகத் தாளாளரிடம் போனேன். நிர்வாக அலுவலர் பின்னாலேயே வந்தார். "என்னைத் தாண்டி எப்படிப் போகலாம்?" என்று வாசலிலேயே சத்தம் போட்டார். போடட்டும் என்று உள்ளே போனேன்.

தாளாளர் ஒவ்வொன்றாகப் படித்தார். "இத்தனை வருசமா இத ஏன் ஒருத்தரும் எங்கிட்ட சொல்லல?" என்று கேட்டார்.

நிர்வாக அலுவலரைக் கைகாட்டியிருக்கலாம். எளிதாக இருந்திருக்கும். "கோடு போட்டு அடிச்சிருக்கே, அந்த எழுத்தப் பாருங்க சார். அது என்னுது. நான் யாரையும் கேக்காம எழுதினேன். இவர் அத நம்பித்தான் வகுப்பு வெச்சார்" என்றேன். நிர்வாக அலுவலர் என்னையே பார்த்தார். அவருக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியிருக்க வேண்டும். அவர் நாற்காலியில் உட்கார்ந்து ஒரு விண்ணப்பத்தை எடுத்துப் படித்தார், பிறகு இன்னொன்றை. அன்று சாயந்திரமே சிறப்பு வகுப்பு ரத்தானது. பௌர்ணமி அன்று ஏழாம் நம்பர் ஒரு மணிக்குப் புறப்படும் என்று முதல் முறையாகச் சுற்றறிக்கை வந்தது. அதை எழுதியவர் அவர்தான், நான் இல்லை.

தும்பை விட்டு வாலைப் பிடித்த கதைதான். இருந்தாலும் வால் கைக்கு வந்ததில் எனக்கு ஒரே குதூகலம். பதினொரு வீட்டுக்கும் நானே போன் செய்தேன். பத்துப் பேர் திரும்பி வந்தார்கள். நஸ்ரீன் வீட்டில் அவள் அப்பாதான் எடுத்தார். "வர்றோம் சார்" என்றார்.

வந்தார்கள். நான் எழுந்து நின்று நாற்காலியை இழுத்துப் போட்டேன். "உக்காருங்க பாய்." அவர் உட்கார்ந்தார். சுற்றறிக்கையின் நகலை நஸ்ரீனிடம் கொடுத்தேன். அவள் முழுவதும் படித்தாள். நல்ல செய்தியைக் கொடுத்தவன் பாராட்டுக்குக் காத்திருப்பானே, அப்படி நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"நல்லது சார். மத்தவங்களுக்கு நல்லது" என்றாள்.

"உனக்கும்தாம்மா. நாளையிலிருந்து வந்துடு."

அவள் அப்பாவைப் பார்த்தாள். அவர், "நான் போன்னுதான் சார் சொன்னேன். பஸ்ஸு வந்திருச்சு, எனக்கு ஒண்ணும் இல்ல. அவதான் வேணாங்கறா" என்றார்.

"ஏம்மா?"

"எங்க அத்தா நாலு தடவ இங்க வந்திருச்சு சார். மூணு தடவ அந்தச் செருப்பு வுடற எடத்துல நின்னுச்சு. முதல்வர் உள்ள இருக்கறது சன்னல்ல எனக்குத் தெரிஞ்சுது. நீங்க இல்லன்னு சொன்னீங்க. தெனமும் அந்த வராண்டா வழியாத்தான் கிளாசுக்குப் போவணும். என்னால முடியாது சார். நான் தபால்ல படிச்சிக்கறேன்."

நான் என்னென்னவோ சொன்னேன். மன்னிப்பும் கேட்டேன். அவள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். அப்பா தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பேருந்துக்காக வந்தவளை, அந்த ஒரு மணி வண்டி நின்றபோதுகூட இழக்கவில்லை. படிக்க வேண்டும் என்று என் மேஜைக்கு முன்னால் நின்று அழுதாளே, அன்றைக்கும் அவளை நிறுத்திவைத்திருக்க முடியும். எங்கள் தொழில் நுணுக்கத்தால், பிள்ளைகளை நிறுத்திவைக்க என்று எனக்குச் சொல்லிக்கொடுத்த அந்த இரண்டாவது பாடத்தால்தான் அவள் போனாள். அதை நினைக்கும்போது என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது. இவ்வளவு நடந்த பிறகும் உங்கள் கேள்வியில் இன்னும் டிக் விழுந்தே வருகிறது. அதை முதலில் எடுங்கள். வெறும் கட்டத்தை விடுங்கள். பிள்ளை வாயைத் திறந்தால் கையை நிறுத்துங்கள். வாசலில் நிற்பவரை உட்காரச் சொல்லுங்கள். இதற்கு மேல் எனக்கு ஒரு அனுபவமும் இல்லை.

அன்றைக்கு அவள் முன்னால் சான்றிதழ் புத்தகத்தை எடுத்தேன். மறுபடியும் பெயர், பிரிவு, தேதி எல்லாம் எழுதினேன். கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் பேனாவை நிறுத்தினேன். இந்தத் தடவை அவளைக் கேட்டேன்.

"என்னம்மா எழுதட்டும்?"

"சொந்த விருப்பம்னு எழுதுங்க சார்" என்றாள் நஸ்ரீன். "இப்ப அது நிஜம்தான்."

எழுதினேன். அவள் கையெழுத்துப் போட்டாள்.